அடுத்த கப்பலில் வருபவர்கள்

"செல் வருது! படுங்கோ!"

மணலில் கிடக்கிறேன். எனக்குக் கீழே மகன் கபிலன். அவன் தொடையில் கட்டிய சேலைத்துண்டு மறுபடியும் நனைகிறது. தூரத்தில் ஒரு 'டும்'. பிறகு கூவல். கூவல் நின்றால் கிட்டத்தில் விழப்போகிறது என்று அர்த்தம். நின்றது. பின்னால் வெடித்தது. மண் கொட்டுகிறது. காயக்காரரைக் கப்பலுக்கு ஏற்றும் படகு கரையில் ஆடுகிறது.

"காயக்காரரோட ஒராள் மட்டும்! ஒராள்!"

வன்னியில் மாத்தளன் கரை. சித்திரை மாதம். போரின் கடைசி நாட்கள். அது எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பல குடும்பங்களுக்கும் இருந்தது. நாலு பேரும் ஒரே பதுங்குகுழியில் இருப்பதில்லை. கஞ்சி வரிசைக்கும் சேர்ந்து போவதில்லை. ஒரே செல் எல்லோரையும் கொண்டுபோகக்கூடாது. கபிலன் என்னோடு. மகள் யாழினி தகப்பனோடு.

அதனால் அன்றைக்கும் யோசிக்கவில்லை. "நீர் போம். நாங்கள் அடுத்த கப்பலில வாறம்," என்றார் அவர். யாழினி என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கப்பல். திருகோணமலை. பிறகு மூடிய வண்டி. வளைவு வளைவாய் மலை. கதவைத் திறந்தார்கள். குளிர். கண்டி.

ஆஸ்பத்திரி வார்டில் வன்னிக்காரர் ஒரு வரிசை. வாசலில் காவல். செல் சத்தமே இல்லை. அதனால் நித்திரை வரவில்லை.

ஓரிரு நாளில் பரீனா வந்தாள். கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெண். எங்களுக்குச் சாப்பாடு, உடுப்பு, பிஸ்கட் கொண்டுவந்தாள்.

"புள்ளக்கி இடியப்பம் குடுங்க, தங்கச்சி. கல்லு மாதிரி இருந்தா எங்கட மாமிய ஏசுங்க. நான் அவிக்கல்ல."

கபிலன் சிரித்தான். காயப்பட்டபின் அதுதான் முதல் சிரிப்பு.

பிஸ்கட்டில் பாதியை மெத்தைக்கு அடியில் வைத்தேன். அடுத்த கப்பலில் வருபவர்களுக்கு. ஒவ்வொரு நாளும் பாதி. எறும்பு பிடித்தது. பரீனா மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். மறுநாள் மூடி போட்ட தகர டப்பா ஒன்று கொண்டுவந்தாள்.

பிறகு புலனாய்வுக்காரர் வந்தார்கள். சீருடை இல்லை. கட்டில் கட்டிலாகப் பெயர் கேட்டார்கள். காயம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். சாப்பாடு தருவது யார் என்றும் கேட்டார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கை இழந்த பெண்பிள்ளை இருந்தாள். காலையில் அவள் இல்லை. விரிப்பு மாற்றியிருந்தது. தாதியிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரீனா அன்றைக்கு வாசலோடு நின்றாள். "கடைக்கும் வந்து விசாரிச்சிட்டுப் போனாங்க, தங்கச்சி. புள்ளய தனிய உடாதீங்க."

அதன்பின் அவள் வரவில்லை. சாப்பாடு மட்டும் யார் யார் கையிலோ வந்தது. கபிலன் நடக்கத் தொடங்கியதும் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பம் எங்களுக்கு அறை தந்தது. அதுவும் அவள் சொல்லிவைத்ததுதான்.

அடுத்த கப்பலில் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பிறகு கப்பலே இல்லை. முகாம்களில் தேடினேன். எங்கள் ஊரவர் ஒருவர் அவர்களைக் கண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பதுங்குகுழியில். மறுநாள் செல் விழுந்து அந்தக் குழி மூடியிருந்ததாம்.

அங்கே அவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம் என்றால் எப்படிப் பிரிவது? பிள்ளையைத் தனியே விடவா முடியும்?

கபிலன் இப்போது பேராதனையில் வேலை செய்கிறான். நான் கண்டியில். நாங்கள் ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை. "இஞ்ச ஆரம்மா குண்டு போடப்போறான்?" என்று பகிடி பண்ணுவான். ஆனாலும் அடுத்த பஸ்ஸில்தான் வருவான்.

இழந்தது: கணவர். மகள். வீடு. ஜன்னலோரக் கட்டில் பிள்ளை. பெயர் தெரியாது. அவளையும் சேர்த்தே எண்ணுகிறேன். தகர டப்பா இருக்கிறது. நாலு பேரில் மிச்சம் இரண்டு பேர்.

அதில் ஒருத்தி, நான், வீட்டுக்கு வந்துவிட்டேன். இருட்டுகிறது. அடுத்த பஸ் இன்னும் வரவில்லை.