சொல்லாமல் ஒட்டிய இடம்

“சொல்லிடலாம்ணே. மறைக்க வேண்டாம், அது…”

“நீ முதல்ல கையை எடு. சொன்னா அது…”

“விழும். விழட்டுமே. விழுந்தா எழுந்துக்கும்.”

“எழுந்துக்கிற வரைக்கும்? அத்தனை கட்டிலோட திரையும் கறுப்பா நிக்கும்டா. உங்க அக்கா எங்க படுத்திருக்காங்கன்னு மறந்துட்டியா?”

ஒல்லியார் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

ஒல்லியார் என் சிநேகிதியின் கணவர். ஆபீசில் வைத்த பெயர், வீட்டிலும் நிலைத்துவிட்டது. எதிரே மல்லுக்கு நின்றவருக்குப் பூட்டு என்று பெயர். எந்தச் சேதியும் அவரைத் தாண்டி வெளியே போகாது. அந்தக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

ராத்திரி நடந்தது இல்லை இது. உச்சி வெயில் நேரம். ஊர் முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும் ஒரு சாலை… இரண்டு பக்கமும் வெறும் நிலம். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்தச் சாலையின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எப்போதும் ஒரே குளிர், ஒரே இரைச்சல்.

அங்கே ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல கற்பனை இயந்திரங்கள் குடியிருக்கும். வங்கிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குத் தனிவீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும். எல்லோர் காலுக்கும் கீழே இருப்பது ஒரே தரை என்று அவற்றுக்குத் தெரியாது. பெரிய இயந்திரத்தின் நினைவகத்தில் ஓரிடம் பழுதானால், அங்கே குடியிருக்கும் இயந்திரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். ‘இந்த மூலை கெட்டுவிட்டது, இங்கே வைத்ததை நம்பாதே.’ அதுதான் முறை. கேட்டதும் அது சில சமயம் ஆடிப்போய் விழும். பிறகு தானே எழுந்துகொள்ளும்.

விழுந்தால் வாடிக்கையாளர் போன் போட்டுக் கத்துவார். பூட்டுக்கு அது ஆகாது. அதனால் அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். கெட்ட இடத்தில் முன்பு என்ன இருந்ததோ, அதன் பழைய நகலை எடுத்து அங்கேயே ஒட்டிவிடுவார். குடியிருக்கும் இயந்திரத்துக்குச் சந்தேகமே வராது. இடிந்த சுவரின்மேல் காலண்டரை மாட்டுகிற மாதிரி.

அன்றைக்குக் கெட்டது ஆஸ்பத்திரியின் மூலை. வார்டில் இருப்பவர்களின் நாடித்துடிப்பைத் திரையில் ஓட்டிக் காட்டும் இயந்திரம் அது. ஒல்லியாரின் அக்கா நெஞ்சுவலியோடு அங்கேதான் படுத்திருந்தார். அம்மா இல்லாத வீட்டில் ஒல்லியாருக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பிய அக்கா. திரை கறுத்திருக்கும் அந்த நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்…

“சரிண்ணே. ஒட்டுங்க.”

பூட்டு ஒட்டினார். சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். டீ குடித்தார்கள். எல்லாம் அமைதி.

பிறகு… ஒரு வாசனை.

அந்த அறையில் எந்த வாசனையும் நிற்காது. காற்றை அப்படி வடிகட்டிவிடுவார்கள். ஆனால் வந்தது. தைல வாசனை.

“அண்ணே, தைலம் ஏதாவது தடவியிருக்கீங்களா?”

“எனக்கு என்ன, தைலம் தடவுற வயசா?”

“எங்க அக்கா முட்டிக்குத் தேய்க்கிற தைலம்ணே இது.”

பூட்டு சிரிக்க வாயைத் திறந்தார்… சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் விசிறிகளின் இரைச்சல் மாறிவிட்டிருந்தது. ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது இப்போது விட்டுவிட்டு வந்தது. டப் டப்… டப் டப்… அறை முழுக்க ஒரே தாளம்.

ஒல்லியார் வார்டுக்குப் போன் போட்டார்.

“சிஸ்டர், எங்க அக்கா எப்படி இருக்காங்க?”

“ஜம்முனு இருக்காங்க சார். திரையில அழகா ஓடுது. மத்தியானத்துலேருந்து ஒரு ஏத்த இறக்கம் இல்ல.”

“திரையை விடுங்க. கட்டில்கிட்ட போய்த் தொட்டுப் பாருங்க.”

“இருபது பேர் இருக்காங்க சார், ஒவ்வொருத்தரா தொட்டுக்கிட்டு…”

“போங்கம்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்.”

போனை மேஜைமேல் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் மெல்லப் போனது. போனில் அந்தத் திரையின் ஒலி மட்டும் கேட்டது. பீப் பீப்… பீப் பீப்… இங்கே விசிறிகள் போட்ட அதே தாளம், கொஞ்சமும் பிசகாமல்.

செருப்பு திரும்பி வந்தது. ஓடி வந்தது.

“சார்… சில்லுனு இருக்காங்க. உயிர் போய் ரொம்ப நேரம் ஆயிருக்கும்ங்கிறார் டாக்டர். ஒயரை எல்லாம் கழட்டிட்டோம் சார். கழட்டியும்… திரையில இன்னும் ஓடுது.”

ஒல்லியார் பூட்டைத் தள்ளிவிட்டுப் பழுதுத் தகவலை அனுப்பினார். ஆஸ்பத்திரி இயந்திரம் விழுந்தது. எழுந்தது. மற்றக் கட்டில்களின் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அக்காவின் கோடு வரவில்லை. தைல வாசனையும் போய்விட்டது.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: “முன்னாடியே திரை கறுத்திருந்தா, நாங்களே கட்டில் கட்டிலா போய்ப் பார்த்திருப்போம் சார்.”

ஒல்லியார் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இது பாதிதான். மீதியைப் பூட்டு பிறகு ஒருநாள் என் சிநேகிதியிடம் வந்து சொன்னார்.

“அன்னிக்கு அவன் அப்படிச் சாஞ்சதும் இன்னொரு பழுதுத் தகவல் வந்ததும்மா. மெஷின்ல தேடினேன், எங்கயும் கோளாறு இல்ல. எங்க ஆபீஸ்ல நாற்காலிக்குக்கூட நம்பர் உண்டு. தகவல்ல இடம்னு போட்டிருந்தது… அவன் நாற்காலி நம்பர்.”

“நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?”

“பழக்கதோஷம்மா. கை தன்னால போயிடுச்சு. பழைய நகலை எடுத்து ஒட்டிட்டேன்.”

என் சிநேகிதிக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அக்காவின் காரியம் முடிந்த நாளிலிருந்து ஒல்லியார் தினமும் ஒரே மாதிரி வீட்டுக்கு வருகிறார். சாவியை மாட்டுவார். ஒருமுறை இருமுவார். “இன்னிக்கு வெயில் ஜாஸ்தி” என்பார். கொட்டுகிற மழையில் தலை சொட்டச் சொட்ட வந்து நின்ற அன்றைக்கும் அதையேதான் சொன்னார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “நாளைக்கு ரெண்டு பேருமா போய் அக்காவைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்பார். துக்கத்தில் பேசுகிறார் என்று இவள் திருத்தாமல் விட்டுவிட்டாள்.

அன்று இரவு அவர் வந்தார். சாவி. இருமல். வெயில். அக்கா. படுத்ததும் விளக்கை அணைத்துவிட்டு, இவள் மெதுவாக அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓடியது. டப் டப்… டப் டப்… ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை.

“என்னங்க… உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?”