கொசு பாடாத விமானம்

கேப்டன் பாத்துசி மொலோசியைக் கொன்றது நாம் சம்பளம் வாங்கும் இந்த நிறுவனம்.

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்ல வாய் வருகிறது. மேடையில் இருக்கும் போதகர் அவர்களே, மேலாளர் ரா டிகாங் அவர்களே, முன்வரிசையில் போர்வை போர்த்தி அமர்ந்திருக்கும் கேப்டனின் துணைவியார் மா மொலோசி அவர்களே, விமானங்களை வெளியே தள்ளிவிட்டு இந்தக் கொட்டகையில் நாற்காலி போட்ட தோழர்களே, மவுன் நகரத்து மக்களே! என் பெயர் செதுன்யா. நானும் இங்கே விமானி. கேப்டன் விழுந்த அன்று அதே ஓடுபாதையில் எதிரே இறங்கிய விமானம் என்னுடையது.

கேப்டன் எப்படிப்பட்டவர்? முகாம் ஓடுபாதையில் யானை நின்றால், தன் எரிபொருளைச் செலவழித்து, தாழப் பறந்து அதை விரட்டிவிட்டு, பின்னால் வருகிறவர்களை முதலில் இறங்கச் சொல்வார். "இறங்கு, தங்கச்சி. ஆனைகிட்ட நான் பேசிட்டேன், அது கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு." வானொலியில் அந்தக் குரலைக் கேட்டால் பாதி பயம் போய்விடும். அந்தக் குரல்தான் கடைசியில் எனக்குக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானி அல்லாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் விமானங்களில் ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் 'ஙீ' என்று ஓர் இரைச்சல் கேட்கும். எஞ்சின் வேகம் ஏறினால் அதுவும் கீச்சென்று ஏறும். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் பேச்சுக் கம்பிக்குள் கசிவதால் வருவது. அதைத்தான் கொசு என்கிறோம். மின்னேற்றத்தைக் காட்டும் முள் பல விமானங்களில் செத்துப் பல காலம் ஆகிறது. மாற்றிக் கொடுத்தார்களா? இல்லை! அதனால் நாங்கள் கொசுவையே முள்ளாக வைத்துக்கொண்டோம். கொசு பாடினால் மின்சாரம் வருகிறது. நின்றால் உடனே திரும்ப வேண்டும்.

கிளம்பும் முன் கேப்டன் பக்கத்து விமானத்தைப் பார்த்துக் கத்துவார்: "கொசு பாடுதா?"

"பாடுது கேப்டன், என் மாமியார் மாதிரி, மூச்சே விடாம!"

"அப்ப நல்லாதான் இருக்கு. போயிட்டு வா."

சிரித்தோம். உடைந்த கருவியோடு பறப்பதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டு சிரித்தோம்.

பிறகு சுற்றுலாப் பயணிகள் காது வலிக்கிறது என்று புகார் சொன்னார்கள். உடனே உத்தரவு வந்தது: கொசுவை ஒழி. நம் மெக்கானிக் மா கெனோசி பட்டறையில் வேலையைத் தொடங்கினார். பேச்சுக் கம்பியை மின்கம்பியை விட்டுத் தள்ளி ஓட்டினார். அதன் உறையை இரண்டு முனையிலும் விமானத்தின் உடலோடு இணைத்திருந்ததை ஒரு முனையில் மட்டும் இணைத்தார். ஹெட்செட் செருகும் குழிகள் தகரத்தில் படாமல் வளையம் வைத்தார். நல்ல வேலை. ஆனால் தொடங்கும் முன் அவர் மேலாளரிடம் கேட்டதை இந்தக் கொட்டகையில் பலர் காதால் கேட்டோம்.

"கொசுவ அடிச்சிடுறேன் ரா. முள்ள முதல்ல மாத்திக் குடுங்க."

"முள்ளு பயணியோட காதுல கேக்குதா, மா?"

முதலில் கேப்டனின் விமானம்தான் அமைதியானது. அவர் மகிழ்ந்தார்! "இன்னிக்குத்தான் என் காது எனக்குத் திரும்பி வந்துச்சு, மா கெனோசி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதுதான் எனக்குப் புரியவில்லை. கொசுதான் நம் முள் என்பதை இத்தனை அனுபவம் உள்ளவர் எப்படி மறந்தார்? நாங்கள் எல்லாரும் எப்படி மறந்தோம்? சிலர் இப்போது மா கெனோசியைத் திட்டுகிறார்கள். இரைச்சலை நீக்கியது குற்றமா? இரைச்சலோடு பறந்தது குற்றமா? எனக்குத் தெரியவில்லை. இரவில் ஒன்று சரியென்று படுகிறது, காலையில் மற்றது.

தெரிந்தது இவ்வளவுதான். கோரோ முகாமுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோய் இறக்கிவிட்டு அவர் கிளம்பினார். முகாமுக்குப் போகும் வழியிலேயே ஆல்டர்னேட்டரின் பட்டை அறுந்திருக்கிறது. கொசு நிற்கவில்லை, ஏனென்றால் அங்கே கொசுவே இல்லை. மின்கலம் வடிந்தது. அந்த நிலையில் வானொலி காதைக் கடைசிவரை வைத்திருக்கும், வாயை முதலில் இழக்கும்: மற்றவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது வெளியே போகாது. காற்றில்லாத சாயங்காலம். அவர் மேற்கிலிருந்து ஓடத் தொடங்கினார். கிழக்கிலிருந்து இறங்குகிறேன் என்று நான் சொன்னேன். எனக்குப் பதில் இல்லை, கண்ணில் வெயில். அவர் என் குரலைக் கேட்டார். பாதையை விட்டுத் திருப்பினார். ஓரத்துக் கறையான் புற்றில் மோதினார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உயிர் இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சொன்னேனே தங்கச்சி... கேக்கலையா?"

அவர் பேசியது அவர் காதில் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

இங்கே பேசிய ஒவ்வொருவரும் கேப்டனின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னீர்கள். எதைத் தொடர்வது? மற்ற விமானங்களிலும் கொசுவை அடித்தாயிற்று. ஒன்றில்கூட முள் மாற்றவில்லை. நாளை காலை அவற்றில் நாங்கள் ஏற வேண்டும்.

ரா டிகாங் அவர்களே, இந்த ஒலிவாங்கி உறுமிக்கொண்டே இருக்கிறது, கேட்கிறதா? உறுமுகிறது, அதனால் உயிரோடு இருக்கிறது. இதை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். முள் மாற்றும்வரை ஒரு விமானமும் பறக்காது என்று மா மொலோசியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்லுங்கள், ரா.

எங்களுக்குக் கேட்கவில்லை.