முழங்கால் தண்ணி

டுக்கு டுக்கெண்டு ஒழுங்கை முடக்கிலை கேட்கேக்கையே தெரியும், இது உம்மடை மோட்டச்சைக்கிள்தான் எண்டு. காணத்தேவையில்லை. வான் எண்டால் ஒரு சத்தம், பஸ் எண்டால் ஒரு சத்தம், தண்ணி பவுசர் எண்டால் வேறை. காது இப்ப அப்பிடிப் பழகிப்போச்சு. வாரும் யூட் தம்பி, உந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும். உம்மை ஒருக்கா வரச்சொல்லி மேரிஜோசப்பின் அக்கா மீன் கொண்டு வரேக்கை சொல்லிவிட்டனான். என்னத்துக்கெண்டு அவ சொல்லியிருக்கமாட்டா. அவவுக்கும் நான் சொல்லேல்லை.

பொறும், இந்தப் பயறை ஒருக்காக் கிண்டிவிடுறன். பயித்தம் பணியாரத்துக்கு. மகள் நிலாந்தினிக்கு வாற வெள்ளி கலியாணமெல்லோ. ஓமோம், மாப்பிள்ளை சுவிஸ். ரவுணிலைதான் மண்டபம் எடுத்திருக்கினம். புளியங்கூடல் கோயில் மண்டபம் கிடக்கு, நல்ல காத்தோட்டம், என்னத்துக்கு ரவுண் எண்டு நான் எவ்வளவோ சொன்னனான். ஏசி இல்லாட்டி அவை உருகிப்போடுவினமாம். வருசம் முழுக்கப் பனிக்குள்ளை கிடக்கிற சனம், ஒரு நாள் வேர்த்தால் என்ன?

மண்டபமில்லைத் தம்பி பிரச்சினை. பண்ணை ரோட்டு. அதாலை போகாமல் இந்தத் தீவிலையிருந்து ரவுணுக்கு எப்பிடிப் போறது? ரண்டு பக்கமும் கடல், நடுவிலை றிபன் கட்டின மாதிரி ஒரு ரோட்டு.

போன மாசியிலை நாங்கள் காரோடை கடலுக்கை போன கதை உமக்குத் தெரியும்தானே. தெரியாத ஆர் இருக்கினம்! கண் கிளினிக்குக்குப் போட்டு வாறம். நல்ல வெயில். நடுரோட்டிலை ஒரு கட்டாக்காலி மாடு, மந்திரி மாதிரி நிக்குது. இவர் ஹோன் அடிக்கிறார், அது அசையேல்லை. ஸ்டேரிங்கை ஒடிச்சார். மாடு தப்பிவிட்டுது. நாங்கள் கல்லுக்கு மேலாலை ஏறிக் கடலுக்கை. கார் சரிஞ்சு கிடக்குது, மடிக்கை தண்ணி வருது, நான் தாழுறம் தாழுறம் எண்டு கத்துறன். நண்டுக்கூடு வைச்சுக்கொண்டு நிண்ட ஒராள் ஆறுதலா நடந்து வந்து கதவைத் திறந்து, அம்மா, காலை ஊண்டுங்கோ எண்டார். ஊண்டினன். நிண்டன். முழங்கால் தண்ணி. மேலை மாடு அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்க்குது.

கை கால் முறிஞ்சிருந்தால் ஒரு மரியாதையா இருந்திருக்கும். பால்மாப் பெட்டியும் முந்திரிகைப்பழமும் கொண்டு பார்க்க வந்த சனம், எங்கை காயம் எங்கை காயம் எண்டு தேடிச்சினம். ஒண்டையும் காணேல்லை. குடுத்த மாப்பெட்டியைத் திருப்பிக் கேட்காத குறை.

ஆனால் அண்டையிலையிருந்து இவர் பழைய ஆளில்லை. பயம். நித்திரையிலை வலது கால் படாரெண்டு நீளும், பிறேக் மிதிக்கிற மாதிரி. பக்கத்துச் சீற்றிலை இருக்கிறவைக்குப் பிறேக் இல்லைத்தானே, அதுதான் கால் தேடித் தேடி… இல்லை, இவரைத்தான் சொல்லுறன். ஆராவது ஹோன் அடிச்சால் கையிலை இருக்கிறது விழும். குசினிக்கை எத்தினை கோப்பை உடைஞ்சுபோச்சு. ஏன், இவர் குசினிக்கை வரமாட்டாரோ? எப்பவாவது வருவார்.

என்னது? நேற்றுத் துறையடியிலை கண்டனீரோ? காரிலையோ? வாழைக்குலை ஏத்திக்கொண்டு, பாட்டும் போட்டுக்கொண்டோ? அது வெளியிலை தம்பி. உள்ளுக்கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆம்பிளையள் காட்டமாட்டினம்.

வைத்தியம் பார்க்காமல் விடேல்லை. ஐயர் நூல் கட்டினவர். இந்தா பாரும், கறுத்தே போச்சு. இவருக்குக் கட்டினதுதான். குளிக்கேக்கை தொலைஞ்சுபோடுமெண்டு நான் கட்டியிருக்கிறன். மேரிஜோசப்பின் அக்கா அந்தோனியார் கோயில் எண்ணெய் தந்தவ. நயினாதீவு அம்மனுக்கும் நேர்ந்தாச்சு, எல்லாருமாச் சேர்ந்து பார்க்கட்டும் எண்டு. ஆசுப்பத்திரியிலை ஒரு டொக்டர் பிள்ளை, பயம் வந்தால் மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுங்கோ அம்மா எண்டா. இவர் வெளியிலை ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டவர், அதுதான் எனக்குச் சொன்னவ. மூச்சு விடலாம். விட்டுக்கொண்டிருக்கேக்கை மாடு வந்தால்?

கொஞ்சம் கொஞ்சமாப் பழகச் சொன்னவ. முதல் காருக்கை சும்மா இருந்து பார்த்தது. பிறகு கேற்றடி மட்டும் போனது. ஒருநாள் மதவடி மட்டும் போய், இறங்கி, நடந்தே வீட்டை வந்தாச்சு. பண்ணைக்கு இன்னும் போகேல்லை.

அதுக்கிடையிலை கலியாணம் வந்திட்டுது. நீங்கள் வேதக்காரர், சேர்ச்சிலை கட்டுற சனம், உங்கடையிலை உது இல்லை. எங்கடையிலை தாரை வார்க்கவேணும். தேப்பன் மகளின்ரை கையை மாப்பிள்ளையின்ரை கையிலை வைக்க, தாய் செம்பாலை தண்ணி ஊத்தவேணும். தண்ணி விழாட்டிப் பிள்ளையைக் குடுத்தது குடுத்த மாதிரி இல்லை. பெரியதாய் ஊத்தினால் என்ன எண்டு ஐயரைக் கேட்டனான், சும்மா ஒரு அறிவுக்கு. தாய் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை என்னத்துக்குப் பிள்ளை பெரியதாய் எண்டு அவர் சிரிக்கிறார்.

போன கிழமை நிலாந்தினி அந்தச் செம்பை எடுத்தாள். புளி போட்டு மினுக்கினாள். கொண்டுவந்து என்ரை கட்டிலடியிலை வைச்சிட்டுப் போட்டாள். அவ்வளவுதான். விடிய எழும்பினால் அதிலைதான் என்ரை முகம் தெரியுது, கோணலா.

அப்ப தம்பி, வெள்ளிக்கிழமை விடிய உம்மடை வள்ளம் சும்மாதானே நிக்கும்? துறையிலையிருந்து அக்கரையிலை நாவாந்துறை மட்டும். எத்தினை பேரோ? ஒராள்தான். இவரோ? இவர் என்னத்துக்கு வள்ளத்திலை? அவர் பலகாரப் பெட்டியளை ஏத்திக்கொண்டு காரிலை வருவார். பிள்ளை முதல்நாளே ரவுணுக்குப் போயிடுவாள். நான்தான்.

சிரியாதையும். பட்டுச்சீலையை ஒரு பையிலை கொண்டு வாறன். உம்மடை அக்கா வீடு நாவாந்துறையிலைதானே, அங்கை கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்து போடுவன். துறைக்கும் நடந்துதான் வருவன். நீச்சலோ? தெரியாது. கடலுக்கு ஏன் பயப்பிடவேணும்? எறிஞ்சது ரோட்டு. ஏந்தினது கடல். தண்ணி வத்திக் கிடக்குமோ? வள்ளம் தரை தட்டினால் இறங்கித் தள்ளுவம், நானும் தள்ளுறன். காலை ஊண்டினால் நிக்கலாம், எனக்குத் தெரியும். திரும்பி வாறதோ? முதல் போவம்.

விடிவெள்ளியோடையோ? சரி, அதுக்கு முன்னம் துறையிலை நிப்பன். இவருக்கு மட்டும் இப்ப சொல்லாதையும். பாவம், பயந்துபோடுவார்.

ஐயோ, பயறு! மணக்குதோ? இல்லை, கருகேல்லை. நீர் தேத்தண்ணியைக் குடியும், ஆறுது. உந்த அகப்பையை இஞ்சாலை தாரும், இன்னும் ரண்டு தாச்சி வறுக்கக் கிடக்கு.