டேப்பின் மறுபக்கம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு வயதான தம்பதி. சர்ச் ஹாலில் காலேஜ் பெண்கள் சிலர் பெரியவர்களின் வாழ்க்கைக் கதைகளை டேப்பில் பதிவு செய்கிறார்களாம். அந்த அம்மா பேசியதில் முதல் பாதி, வெளியே காத்திருந்த கணவர் காதிலும் விழுந்திருக்கிறது.

“கல்யாணத்தன்னிக்கு ஓடிப்போவ இருந்தியாமே?” என்றார் அவர்.

“ஆமா. விடிகாலைல பையத் தூக்கிகினு பஸ் ஸ்டாப்பாண்ட போய் நின்னேன்.”

“அப்பறம் ஏன் திரும்பி வந்தே?”

“பஸ் வர்ல.”

அவர் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினார்.

“முப்பத்தஞ்சு வருசமா எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ கேக்கல. அதுங்க கேட்டுச்சுங்க.”

“கேட்டுட்டு இன்னா சொல்லிச்சுங்க?”

“ஒண்ணும் சொல்லல. டேப்பைத் திருப்பிப் போட்டுச்சுங்க.”

“அந்தப் பக்கம் இன்னா பேசினே?”

“பூரா உன்னப் பத்திதான்.”

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நல்லதாவா?”

“சொல்லி முடிக்கறதுக்குள்ள டேப் தீந்துபோச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிக்கீதுங்க.”

“நானே இட்டுகினு போறேன்,” என்றார் அவர்.