குழலிக்கு நாலாவது காய்ச்சல்

— ஆங், சூப்பரு! அப்போ எம்பொண்ணுக்கு காய்ச்சலு வந்தது என் வாயால. இத கண்டுபுடிக்கவா டாக்டரம்மா அத்தினி வருசம் படிச்சாங்கோ?

— யோவ் பாரி, மெல்ல பேசு. அவங்கோ அப்டி சொல்லல.

— பின்ன எப்டிம்மே சொன்னாங்கோ? எண்ணூர்ல அவ்ளோ புகை கீது. நம்ம எர்ணாவூர் மொட்ட மாடில துணி காயப்போட்டா சாம்பலு ஒட்டுது. அதெல்லாம் நல்லவங்கோ. நான் ஒருத்தந்தான் கிருமி.

— புகையும்தான்னாங்கோ. பொறந்து எட்டு மாசத்துல நாலு தபா காய்ச்சலு, ரெண்டு தபா மூச்சு இழுப்பு. அதான் வூட்ல இன்னா நெலமன்னு கேட்டாங்கோ.

— நீ ஒடனே என் ஜாதகத்தயே நீட்டிட்ட.

— கண்டெய்னர் வண்டி ஓட்றாரு, ஹார்பர் கேட்டு வாசலாண்ட பத்து மணி நேரம் லைன்ல நிக்கிறாரு, அந்த கோவத்த வூட்ல வந்து எறக்குறாருன்னேன். பொய்யா?

— லோடுன்னா எறக்கித்தான ஆவணும்? சரி, நான் உன்னத்தான கத்துறேன். அவளுக்கு இன்னா புரியப் போவுது?

— வார்த்த புரியாதாம். சத்தம் புரியுமாம். கேக்கசொல்லோ ஏதோ ஆபத்துன்னு அந்த ஒடம்பு பதறுமாம். என்னிக்கோ ஒரு நாளுன்னா பரவால்லயாம். தெனமும் பதறிகினே கெடந்தா, எதிர்ப்பு சக்தி வளர வேண்டிய வயசுல அது ஒழுங்கா வளராம பூடலாமாம்.

— அடடா! எங்கப்பன் என்ன பெல்ட்டாலயே வளத்தாரு. நான் இன்னா செத்தா பூட்டேன்?

— இல்ல. முப்பது வயசுல பாக்கெட்ல இன்ஹேலர் வெச்சிகினு வண்டி ஓட்ற.

— அது டீசல் புகை.

— ஆமாய்யா. டீசலு.

— ரொம்ப பேசாத. மருந்து எதுனா எழுதினாங்களா, இல்ல வேற அப்பன மாத்திக்கச் சொன்னாங்களா?

— மருந்தும் எழுதினாங்கோ. பயந்து கெடக்கசொல்லோ தூக்கி மார்ல போட்டுக்கணுமாம். அப்பதான் அந்தப் பதட்டம் எறங்குமாம்.

— இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தோ, முழிச்சிகினுதான் கீறா. நம்ம போட்ட கூச்சலுக்கு வேற புள்ளன்னா வூட்டயே ரெண்டாக்கியிருக்கும். இவ ஒரு சத்தம் போடல பாரு. தங்கம்மே எம்பொண்ணு. உன்ன மாரி இல்ல.

— அதுக்குத்தான்யா டாக்டரம்மா ரொம்ப கவலப்பட்டாங்கோ. யாருனா வருவாங்கன்னு நம்புற புள்ளதான் அழுவுமாம்.

— குழலி... தோ பாரு கண்ணு, அப்பாதான். வா.

— மெதுவா தூக்கு.

— மாயா...

— இன்னாய்யா?

— நீ வந்து தூக்கும்மே. நான் கைய நீட்னா கண்ண இறுக்க மூடிக்கிறா.