உள்ளங்கை அளவுகோல்

— அதனால நாளைக்குப் பாராட்டு விழா மேடையில எடுத்த எடுப்புலயே சொல்லிடப் போறேன். எலியை ஒரு தடவை உள்ளங்கையில தூக்கினா போதும், அதோட தொடை எலும்பு எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லிடுவேன்னு.

— அப்படியே அது ராத்திரி என்ன கனா கண்டுச்சுன்னும் சொல்லிடு.

— கிண்டல் பண்ணுங்க. முப்பது வருஷம் ஆராய்ச்சிக்கூடத்துல எலி வளர்த்தவ நான். நீங்க கீழ் மாடி ஸ்டோர்ல தீவன மூட்டைக்குக் காவல் இருந்தவரு.

— இருந்தாலும் பொய் மூட்டை கட்டல. கட்டின புருஷன் நானே நம்பாததைச் சபை நம்புமா? பாராட்டுறாங்களா, கேடயத்தை வாங்கினோமா, வந்தோமான்னு இரு.

— இன்னொரு தடவை கேளுங்க. பிளாஸ்டிக்குலேருந்து கசியற ஒரு சரக்கு. உடம்புக்குள்ள போனா ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளை ஹார்மோன் மாதிரியே வேஷம் கட்டும். அது எலும்பு வளர்ச்சியை என்ன பண்ணும்னு பார்க்க எங்க ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா நானூறு எலியை...

— நாப்பது.

— எண்ணிக்கையில நாப்பது, சேட்டையில நானூறு. பாதிக்கு அந்தச் சரக்கு, பாதிக்கு வெறும் தீவனம். சரக்கு தின்னது குட்டையா நிக்கும், மத்தது நெடுநெடுன்னு வளரும்னு கணக்கு. ஆறாவது வாரம் தூக்கிப் பார்க்கிறேன், ரெண்டு கூட்டமும் குட்டை. சொன்னேன். டாக்டரம்மா சிரிச்ச சிரிப்புல ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு.

— அது பந்து பட்டு விரிஞ்சது.

— பந்தே அந்தச் சிரிப்புலதான் உருண்டு வந்துச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு நுனியில வளர்ற குருத்து ரெண்டு கூட்டத்துக்கும் சுருங்கிக் கிடக்கு. அப்புறம் எங்க சிரிப்பு? தீவனத்தை மோந்து பார்த்தேன், சோயா வாசம். சோயாவுக்குள்ளயும் அதே மாதிரி ஒரு வேஷக்காரன் இருக்கான்னு அவங்க படிச்ச புஸ்தகத்துலயே இருக்கு.

— இங்கதான் உன் கதை நொண்டுது. மூட்டைச் சீட்டுல சோயா கலக்காத பழைய வகைத் தீவனம்னுதானே இருந்துச்சு?

— அந்தச் சீட்டைக் காட்டித்தானே என் வாயை அடைச்சாங்க. நான் கூண்டு தெரியாம எல்லாத்துக்கும் சரக்கைக் குடுத்துட்டேன்னு ஃபைல்ல எழுதி மூடிட்டாங்க. என் கையில ஒரு எலி இடம் மாறினதில்லைங்க. நாளைக்கு டாக்டரம்மா முன்வரிசையில இருப்பாங்க. அவங்க காதுல இது விழுந்தாத்தான் எனக்குக் கேடயம். இல்லேன்னா அது வெறும் தகரம்.

— சாட்சி கேட்டா?

— என் கைதான் சாட்சி.

— கை பேசாது. எனக்கும் முன்வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்லு.

— நம்பாத மனுஷனுக்கு எதுக்கு நாற்காலி?

— எழுந்து நிக்கிறதுக்கு. எக்ஸ்ரேக்கு முன்னாடியே உன் கை கண்டுபிடிச்சது நிஜம். அந்த மாசம் பழைய தீவனம் வரல. நமக்கு அப்பக் கல்யாணம்கூட ஆகல. எலி பட்டினி கிடந்தா நீயும் சாப்பிட மாட்டியேன்னு, சோயா மூட்டையில பழைய சீட்டைத் தச்சு மேல அனுப்பினவன் நான்தான்.