டைல்ஸுக்குப் பின்னால் மடங்கிய வயர்

மணிமுத்தாற்றுத் தண்ணீர் குடித்து, மண்ணைப் பிசைந்து, நெருப்பில் சுட்டு, நாட்டுக்கே பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் தருகின்ற நல்லோர் நிறைந்த பேரவையே! போட்ட மாலையைக் கழற்றவும் மனமின்றி, கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கவும் முடியாமல் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் கலியமூர்த்தி அவர்களே! ஊரில் மழை நின்றாலும் பேனாவில் மை நிற்காத செயலாளர் தங்கதுரை அவர்களே! சூளை வேலையும் முடித்து, சோறும் வடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! பஜ்ஜி வரும் என்ற ஒரே நம்பிக்கையில் இதுவரை கலையாமல் காத்திருக்கும் இளைஞர் பெருமக்களே! அர்ச்சுனனின் அன்பு வணக்கம்.

எனக்கு ஒதுக்கியிருப்பது நன்றியுரை. ஐந்தே நிமிடம் என்கிறார் தலைவர். அவர் பயம் நியாயமானது. போன ஆண்டு விழாவில் நான் மைக் இல்லாமல் பேசினேன். ஜங்ஷனில் நின்ற சரக்கு ரயில், தனக்குத்தான் உத்தரவு வந்துவிட்டது என்று கிளம்பி, அரியலூரில் போய்த்தான் நின்றது.

என்ன ஜெயராஜ், பின் வரிசையில் சிரிப்பு? "மாமா, பஜ்ஜி ஆறிப்போவுது" என்கிறாயா? ஆறட்டும். ஆறக்கூடாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் இந்த மேடையை விட்டு இறங்கியதும், தலைவர் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். போட்டால் போட்டதுதான். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. "மன்றத் தொலைக்காட்சி, பொறுப்பாளர் சிந்தாமணி ஈரத்துணியால் துடைத்த கவனக்குறைவினால் பழுதானது. அவரிடமிருந்து பொறுப்பு திரும்பப் பெறப்படுகிறது." எட்டு வருடமாக இந்த மன்றத்தைத் திறந்து, கூட்டி, பூட்டிய பெண்ணின் பெயர் அங்கே அப்படி இருக்கிறது. அந்த வரி உண்மையா? அந்த வரி நீதியா? அந்த வரி நிற்கலாமா?

நடந்தது என்ன? போன மாதம் நம் பெண்களுக்கு வீடியோவில் ஒரு பயிற்சி வகுப்பு. பொம்மைக்குப் புது மாதிரி வண்ணம் தீட்டுவது எப்படி என்று சென்னையிலிருந்து ஓர் அம்மையார் சொல்லித் தருவதாக ஏற்பாடு. நாற்பது பெண்கள் அரை நாள் விடுப்புப் போட்டு வந்தார்கள். மடிக்கணினி பின்பக்க மேசையில். தொலைக்காட்சி முன்பக்கச் சுவரில். நடுவில் படத்தைக் கொண்டுபோகும் பதினைந்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. வயர். அம்மையார் "வணக்கம்" என்றார். படத்தில் மின்மினிப் பூச்சிகள் பறந்தன. "தூரிகையை" என்றார். படம் கறுத்தது. "சிக்னல் இல்லை" என்று எழுத்து மட்டும் அங்குமிங்கும் உலாவியது. நாற்பது பேர் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்தால் என்ன ஆகும்? முதல் வரிசைக்குப் பாடம். மற்ற வரிசைகளுக்கு முன்னால் இருப்பவர்களின் கொண்டை.

அன்று சாயங்காலமே செயற்குழு கூடியது. காலையில் சிந்தாமணி டிவியைத் துடைத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். போதாதா? மருத்துவர் வருமுன்னே மரணச் சான்றிதழ் எழுதினோம்! "புது டிவி வாங்கணும்" என்றார் ஒருவர். "பெருசா வாங்கணும்" என்றார் இன்னொருவர். நானும் அங்கேதான் இருந்தேன். நாலு ஊருக்குக் கேட்கும் நாக்கு படைத்த நான் என்ன செய்தேன்? பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். மன்றச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிந்தாமணி என் வீட்டுக்கு வந்தாள். டீ வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை.

"மாமா, ஒரு தடவ கதவ தொறந்து வுடுங்க. நான் தொடச்சதாலதான் போச்சுதுன்னா நானே ஒத்துக்கறேன். பாக்காமலே எழுதுனா எப்பிடி?"

திறந்தேன். வேறு வழி?

தாய்மார்களே, இனி நான் சொல்வதை வீட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். டிவியில் படம் வரவில்லை என்றால் அவள் செய்ததைச் செய்யுங்கள். முதலில் ரிமோட்டில் மெனுவை அழுத்தினாள். மெனு பளிச்சென்று வந்தது. "டிவி நல்லாருக்குது மாமா. ஈரம் எறங்கியிருந்தா இது எப்பிடி வரும்?" என்றாள். படுத்த நோயாளி எழுந்து நடந்து இட்லி கேட்கிறான். நாமோ பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருக்கிறோம்!

அடுத்து, டிவி எந்தத் துளையைப் பார்க்கிறது என்று சரிபார்த்தாள். வயர் இரண்டாம் எண்ணில் செருகியிருக்க, டிவி முதல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் யுகம் யுகமாக "சிக்னல் இல்லை"தான். அது சரியாகவே இருந்தது. பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு வயரின் இரண்டு முனைகளையும் கழற்றினாள். நம்மூர்த் துளைகளில் என்ன இருக்கும்? பீங்கான் மாவு! காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, இறுகச் செருகினாள். படம் வரவில்லை.

அப்புறம்தான் பெரிய சோதனை. மடிக்கணினியைத் தூக்கி டிவி பக்கத்திலேயே வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றரை மீட்டர் வயரை மாட்டினாள். படம் வந்தது! எப்படி வந்தது? பொம்மையின் புருவத்தை எண்ணலாம் போல வந்தது! டிவி குற்றமற்றது. மடிக்கணினி குற்றமற்றது. மிச்சம் யார்? சுவருக்குள் போகும் பதினைந்து மீட்டர் வயர்.

எனக்கு அந்த இடத்தில் நிஜமாகவே பல்வலி வந்துவிட்டது.

நீண்ட வயரை மறுபடி மாட்டினாள். "மாமா, நீங்க டிவிய பாருங்க. செவுத்த பாக்காதீங்க" என்றாள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பொம்மையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தானே பெட்டியில் வைக்கிறீர்கள்? கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் விரிசல். அதே விரலால், வயர் போகும் வழியில் சுவர் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். கணீர். கணீர். கணீர். ஜன்னல் மூலையில் பொத்! திரையில் படம் மின்னி மறைந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி மின்னியது.

"இங்க யாரு மாமா ஒட்டுனது?"

"யாரோ வெளியூரு ஆளு."

"வெளியூரு ஆளுன்னா, டைல்ஸு மேல எதுக்கு மாமா 'அர்ச்சுனன் கைவண்ணம்'னு எழுதியிருக்குது?"

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், அவையோரே! நான்தான்! "பீங்கான் ஊரிலே, பீங்கான் சங்கத்திலே, பீங்கான் சுவரிலே வயர் தொங்கலாமா?" என்று ஆடி மாதம் இதே மன்றத்தில் முழங்கினேன். முனையில் தங்கமாய் மின்னிய வயரை நானே தேர்ந்தெடுத்தேன். குழாய் கூடப் போடாமல் சுவரில் வைத்தேன். மூலையில் தாம்பூல வெற்றிலை போல மடித்தேன். மேலே சிமெண்டைப் பூசினேன். அதற்கும் மேலே, பூகம்பம் வந்தால் பூகம்பம் நகருமே தவிர அது நகராது என்கிற உறுதியோடு டைல்ஸ் ஒட்டினேன். சும்மா இருந்தேனா? என் பெயரையும் எழுதி, சுட்டு, பதித்தேன்!

கட்டிப்போட்ட மாடு கத்துவதைப் போல அந்த வயர் மாதக்கணக்காய் மின்மினி காட்டிக் கத்தியது. யார் கேட்டோம்?

வயர் வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள். முனையில் தங்க முலாம் படத்துக்கு அழகு சேர்க்காது. முலாம் பார்த்து மயங்கிய முதல் ஏமாளி நான். வேண்டிய தூரத்தை அளந்து, அதற்குப் போதுமான நீளத்தில் வாங்குங்கள். புது டிவிக்கு அதிவேக வயர் என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்து மீட்டரைத் தாண்டினால் சாதாரண செம்பு வயர் மூச்சு வாங்கும். அதற்கென்றே கண்ணாடி இழை வயர் வருகிறது. அதில் ஒரு முனை டிவிக்கு, மறுமுனை மடிக்கணினிக்கு என்று எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சுவருக்குள் விடுவதானால் குழாய் போட்டு விடுங்கள். மூலையில் டம்ளர் வளைவுக்கு வளையுங்கள், மடிக்காதீர்கள். புதைக்கும் முன் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் புதைக்கவே வேண்டாம்.

இதோ, இன்று நீங்கள் ஆண்டறிக்கைப் படங்களைப் பார்த்தீர்களே, டிவிக்குக் கீழே ஸ்டூல் போட்டு, மடிக்கணினியை வைத்து, குட்டையான வயரில் ஓட்டியது யார்? பொறுப்பைப் பறிகொடுத்த பின்னும் காலையில் வந்து மாட்டிக் கொடுத்த சிந்தாமணி! வயர் தொங்குகிறது, அழகில்லைதான். படம் வருகிறதா இல்லையா?

தலைவர் அவர்களே! மண்ணில் குற்றமா, மாவில் குற்றமா, நெருப்பில் குற்றமா என்று தட்டிப் பார்க்காமல் நாம் ஒரு கோப்பையைக்கூட உடைத்ததில்லை. ஒரு பெண்ணின் பெயரை மட்டும் தட்டிப் பார்க்காமலே உடைத்துப் போடலாமா? அடியுங்கள் அந்த வரியை! எழுதுங்கள் என் பெயரை! கை தூக்குங்கள் அவையோரே! ஜெயராஜ், இரண்டு கையும் கணக்கில் வராது, ஒன்றை இறக்கு.

தலைவர் சம்மதித்துவிட்டார். இந்தாம்மா சிந்தாமணி, சாவி. என்ன? உரக்கச் சொல்லு, எல்லாருக்கும் கேட்கட்டும். "சாவி இருக்கட்டும் மாமா. மொதல்ல எழுதச் சொல்லுங்க. எழுதுனத படிச்சிக் காட்டச் சொல்லுங்க."

கேட்டீர்களா? இதுதான் சரி. தங்கதுரை, எழுதியாயிற்றா? படியுங்கள். "சிந்தாமணி மீதான குறிப்பு தவறு என நீக்கப்படுகிறது. வயரை மடித்துப் புதைத்த அர்ச்சுனனின் கவனக்குறைவினால்…" ஒரு நிமிடம், தங்கதுரை. கவனக்குறைவுக்கு முன்னால் "சிறு" என்று ஒரு சொல் சேர்க்கலாமா? சிந்தாமணி தலையை ஆட்டுகிறாள். இல்லை, அது சம்மதத் தலையாட்டல் இல்லை. சரி, வேண்டாம். அப்படியே இருக்கட்டும். தலைவரே, போடுங்கள் கையெழுத்தை!

கையெழுத்திட்ட தலைவருக்கும், அடித்து எழுதிய செயலாளருக்கும், கை தூக்கிய உங்களுக்கும், உண்மையைத் தட்டி எடுத்த சிந்தாமணிக்கும் நன்றி கூறி, இந்தக் கவனக்குறைவான அர்ச்சுனன் எல்லாரையும் கும்பிட்டு இறங்குகிறான்.